உட்கார்ந்தால் களை கண்ணில் படுகிறது: தோட்டத்தை ரசிப்பது எப்படி?

மண்புழு | ஞாயிறு, காலை 7.10

6 வருடமாகத் தோட்டம் போடுகிறேன். இந்த வசந்தத்தில்தான் அதற்குள் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். அதுவரை அங்கே நான் உட்கார்ந்ததே இல்லை என்பது நாற்காலி போட்ட பிறகுதான் உறைத்தது. குனிந்திருக்கிறேன், குந்தியிருக்கிறேன், மண்டி போட்டிருக்கிறேன். உட்கார்ந்ததில்லை.

பெரிய இடமெல்லாம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 4 அடியில் 2 பாத்தி, சுவரோரம் பத்துப் பதினைந்து தொட்டி. முன்பெல்லாம் பிரித்து வைத்திருப்பேன். இந்தப் பாத்தி காய்க்கு, அந்தப் பாத்தி பூவுக்கு, மூலிகை தொட்டியில். இந்த முறை விதைக்கிற சமயத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எழுந்து வந்தபோது குளிர் விட்டு மண்ணில் சூடு ஏறியிருந்தது. திட்டம் போட நேரமில்லை. கையில் கிடைத்த விதையைக் காலி இடம் பார்த்துப் போட்டேன். இப்போது தக்காளிக்கு நடுவே செண்டுமல்லி, கத்தரிக்கு அடியில் கொத்தமல்லி, பீன்ஸ் கொம்புகளுக்கு முன்னால் ஜினியா, மூலையில் திருநீற்றுப்பச்சை. மக்கு உரத்தோடு வந்த விதையோ என்னவோ, பூசணி ஒன்று தானாக முளைத்து எல்லாவற்றுக்கும் குறுக்கே ஓடுகிறது.

அலங்கோலம்தான். ஆனால் என் தோட்டம் இத்தனை அழகாக ஒருநாளும் இருந்ததில்லை. இன்று காலை கொத்தமல்லிப் பூவின் மேல் ஒரு சின்ன ஈ. தேனீ மாதிரி மஞ்சளும் கறுப்புமாக வரி, ஆனால் தேனீ இல்லை. பூவுக்கு ஒரு விரற்கடை மேலே அந்தரத்தில் அப்படியே நின்றது. நகரவில்லை. நானும் நகரவில்லை. திடீரென்று ஒரு சாண் தள்ளிப் போய் மறுபடி நின்றது.

சிக்கல் இங்கேதான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு கோரை முளைத்திருப்பது கண்ணில் பட்டுவிட்டது. எழுந்துவிட்டேன். கோரையைப் பிடுங்கி, அப்படியே தக்காளிக்குக் கட்டுப் போட்டு, காய்ந்த பூவைக் கிள்ளி, 40 நிமிடம் கழித்து நிமிர்ந்தால் வெயில் ஏறிவிட்டது, நாற்காலியில் எறும்பு ஊர்கிறது.

வேலை செய்யாமல் தோட்டத்தில் இருப்பது எப்படி? யாருக்காவது கைவந்திருக்கிறதா?


பந்தல்கால் | ஞாயிறு, காலை 7.42

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். பூவெல்லாம் நிறமாகத் தெரியும். களை தெரியவே தெரியாது. 4 வருடமாக இதுதான் என் வழி.


பூவாளி | ஞாயிறு, காலை 8.30

பந்தல்கால் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. நான் காலையில் தோட்டத்துக்குள் போகும்போது கையில் எதையும் எடுத்துப் போவதில்லை. கத்தரிக்கோல், கொத்து, கட்டுகிற நூல், எதுவும் கிடையாது. கையில் கருவி இருந்தால் கண் வேலையைத் தேடும். களையைப் பார்த்தால் "சாயங்காலம் வருகிறேன் உனக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பாதி நாள் சாயங்காலம் மறந்துபோகும், அது வேறு கதை.

உட்கார வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? எனக்குத் தண்ணீர் விடுகிற நேரம்தான் ரசிக்கிற நேரம். குழாயைச் செருகிப் பீய்ச்சினால் அது வேலை. பூவாளியில் விட்டால் ஒவ்வொரு செடியிடமும் அரை நிமிடம் நின்றாக வேண்டும். அந்த அரை நிமிடத்தில்தான் மிளகாயில் முதல் மொட்டு தெரியும், பீன்ஸ் இலையின் அடியில் என்னமோ ஒட்டியிருப்பது தெரியும். அப்புறம் காய்ந்த மண்ணில் முதல் தண்ணீர் விழுந்ததும் ஒரு வாசனை எழும்புமே, அதற்காகவே நான் இரண்டு தொட்டியைக் கொஞ்சம் காயவிட்டு வைப்பேன்.

இன்னொன்று. நடக்கிற வழியில் மூலிகையை வையுங்கள். என் பாதை ஓரத்தில் புதினாத் தொட்டி, திருநீற்றுப்பச்சை, ரோஸ்மேரி. போகும்போது துணி உரசும். வீட்டுக்குள் வந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த வாசனை கூடவே இருக்கும். அந்த இலைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகள் உண்டு. உரசினால் உடையும். தூர நின்று மோந்தால் பாதிதான் கிடைக்கும். தொட வேண்டும்.


வேர்முடிச்சு | ஞாயிறு, காலை 10.05

மண்புழு, நீங்கள் பார்த்த ஈ நல்ல விருந்தாளி. அதன் புழுக்கள் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும். பெரிய ஈக்குத் தேனும் மகரந்தமும் போதும். அதுவும் வாய் சிறியது, ஆழமான பூவில் எட்டாது. கொத்தமல்லி, சோம்பு மாதிரி குடை விரித்த சின்னப் பூக்கள்தான் அதற்குத் தோது. கொத்தமல்லி பூத்துவிட்டதே, இலை போச்சே என்று பிடுங்கி எறிகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

பூவாளி அம்மா சொன்ன மண் வாசனைக்கு ஒரு பெயர் உண்டு. 1964இல் இசபெல் ஜாய் பேர், தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதற்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். அதில் முக்கியமான பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. மண்ணில் இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆகவே உங்கள் மண் மணக்கிறது என்றால் அதில் உயிர் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் உங்களோடு சேரமாட்டேன். கலந்து போடுவதைப் பற்றி இணையத்தில் எழுதப்படுவதில் பாதி கதை. "தக்காளி பக்கத்தில் செண்டுமல்லி வைத்தால் பூச்சியே வராது" என்பார்கள். செண்டுமல்லியின் வேரில் ஆல்ஃபா-டெர்தியனில் என்ற பொருள் இருப்பது உண்மை, அது வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்வதும் உண்மை. ஆனால் அதற்குப் பாத்தி முழுக்க நெருக்கமாகச் செண்டுமல்லியை மட்டும் இரண்டு மூன்று மாதம் வளர்த்து, அதன் பிறகு காய்கறி நட வேண்டும். மூலைக்கு ஒன்று வைத்தால் பூ கிடைக்கும், அவ்வளவுதான். சிவப்புச் சிலந்திப் பேனுக்குச் செண்டுமல்லி என்றால் உயிர். வராமல் இருப்பதற்குப் பதிலாக அங்கேதான் முதலில் வந்து இறங்கும்.

பீன்ஸ் பக்கத்துச் செடிக்குத் தழைச்சத்து கொடுக்கும் என்பதும் அப்படியே. தன் வேர் முடிச்சில் சேர்ப்பதைப் பெரும்பாலும் அதுவே தின்றுவிடும், காய்க்குள் போய்விடும். காய்ப்பு முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே மட்க விடுங்கள். மிச்சம் மீதி அடுத்த பயிருக்குக் கிடைக்கும்.

(ஆம், என் பெயருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.)


பந்தல்கால் | ஞாயிறு, காலை 10.20

அவர் ரசிப்பது எப்படி என்று கேட்டார். நீங்கள் தேர்வு வைத்துவிட்டீர்கள்.


மண்புழு | ஞாயிறு, பகல் 1.15

இல்லை, இல்லை, எழுதட்டும். கொத்தமல்லியைப் பிடுங்கி எறிகிற ஆள் நான்தான். இந்த முறை காய்ச்சல் தயவில் தப்பித்தது.

செண்டுமல்லி பூச்சியை விரட்டாது என்றால் சரி, விரட்டாமல் இருக்கட்டும். தக்காளியின் மந்தமான பச்சைக்கு நடுவே அந்த ஆரஞ்சு இருக்கிறதே, காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது விளக்குப் போட்ட மாதிரி இருக்கிறது. அது போதும் எனக்கு.

பூசணிதான் கவலை தருகிறது. 10 நாளாகத் தினமும் பூக்கிறது, மறுநாள் உதிர்கிறது. ஒரு பிஞ்சு கூட இல்லை. இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு சும்மா பூக்கிறதே என்று எடுத்துவிடலாமா என யோசிக்கிறேன்.


பூவாளி | ஞாயிறு, பகல் 1.40

எடுத்துவிடாதீர்கள்! இப்போது வருவதெல்லாம் ஆண்பூவாக இருக்கும். பூசணி, சுரை, பீர்க்கு எல்லாவற்றிலும் ஆண்பூ முதலில் வரும், ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் பெண்பூ. காம்பைப் பாருங்கள். மெலிந்த நீளக் காம்பு என்றால் ஆண். பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் குட்டிப் பூசணி உட்கார்ந்திருந்தால் பெண். பார்த்தால் தப்பவே தப்பாது.


புதுத்தொட்டி | ஞாயிறு, மாலை 5.55

வணக்கம். நான் புதிது. பால்கனியில் 7 தொட்டி. எல்லோரும் பாத்தி பாத்தி என்று பேசுவதைப் பார்த்துத் தயங்கித் தயங்கி எழுதுகிறேன்.

2 தக்காளி, 1 மிளகாய், புதினா, திருநீற்றுப்பச்சை, ஒரு நித்தியகல்யாணி, இன்னொன்றில் என்ன முளைக்கிறது என்றே தெரியவில்லை. 2 கேள்வி. தக்காளி பூக்கிறது, பூ காம்போடு மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. மூன்றாவது மாடிக்குத் தேனீ வராததாலா?

இரண்டாவது, மிளகாய்ச் செடியில் ஒரு பயங்கரமான பூச்சி. கறுப்பு, அரை அங்குலம் கூட இல்லை, முதுகெல்லாம் முள், பக்கத்தில் ஆரஞ்சுப் புள்ளி. பார்க்க முதலைக் குட்டி மாதிரி இருக்கிறது. ஐந்தாறு இருக்கும். நசுக்கிவிடலாமா? தொடவே பயமாக இருக்கிறது.


மண்புழு | ஞாயிறு, மாலை 6.02

நசுக்காதீர்கள்! கையை எடுங்கள்!

அது பொறிவண்டின் குஞ்சு. சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்ட அழகான வண்டு தெரியும் அல்லவா, அது சின்ன வயதில் இப்படித்தான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே முதலைகளை நான் கத்தரிச் செடியில் பார்த்தேன். இலையெல்லாம் சுருண்டிருந்தது. இவைதான் தின்கின்றன என்று முடிவு கட்டி, ஒரு காலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து நசுக்கினேன். முப்பது நாற்பது இருக்கும். பெருமையாக வேறு இருந்தது. அடுத்த வாரம் கத்தரி முழுக்க அசுவினி அப்பிக்கொண்டது, தண்டு தெரியவில்லை. அதற்கப்புறம்தான் ஒரு படத்தைப் பார்த்து யாரைக் கொன்றேன் என்று தெரிந்துகொண்டேன்.

இன்றைக்கும் ஒரு பொறிவண்டு கையில் வந்து உட்கார்ந்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.


வேர்முடிச்சு | ஞாயிறு, இரவு 8.30

புதுத்தொட்டி, பால்கனி என்று தயங்க வேண்டாம். பாத்தியை விடத் தொட்டிதான் கடினம்.

முதலை இருக்கிறது என்றால் அசுவினியும் இருக்கும். மிளகாய்க் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு மேலும் கீழும் போய்வந்தால் சந்தேகமே வேண்டாம். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதை மாடு மேய்க்கிற மாதிரி மேய்க்கும், பொறிவண்டையும் விரட்டும். அசுவினியின் பெண் ஆண் துணையே இல்லாமல் முட்டையும் இடாமல் நேராகக் குட்டி போடும். அதனால்தான் திங்கட்கிழமை நாலு இருந்தது வெள்ளிக்கிழமை கொழுந்தை மூடுகிறது. ஆனாலும் நான் மருந்து அடிக்கச் சொல்லமாட்டேன். தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகப் பீய்ச்சினால் முக்கால்வாசி விழும். முதலைகளுக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், இல்லாவிட்டால் அவை வேறு இடம் பார்க்கும்.

தக்காளிக்குத் தேனீ தேவையில்லை. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருக்கிறது. ஆனால் மகரந்தம் ஒரு குழலுக்குள் அடைபட்டிருக்கும், உப்பு டப்பாவில் உப்பு இருப்பதைப் போல. ஆட்டினால்தான் கொட்டும். திறந்த இடத்தில் காற்று ஆட்டும். சில காட்டுத் தேனீக்களும் பெரிய வண்டுகளும் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்க்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. உங்கள் பால்கனியில் நீங்கள்தான் வண்டு. காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் நாலு சுண்டு சுண்டுங்கள். மின்சாரப் பல் துலக்கியின் பின்புறத்தைக் காம்பில் வைப்பவர்களும் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கலாம். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். வசந்தத்தின் தொடக்கத்தில் இது நடப்பதுதான். இரவில் குளிர் குறைந்ததும் தானே சரியாகும்.


புதுத்தொட்டி | ஞாயிறு, இரவு 8.51

டார்ச் அடித்துப் பார்த்தேன். இலையின் அடியில் பச்சைப் பச்சையாக இருக்கிறது. ஒரு முதலை வாயில் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பச்சையின் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. 20 நிமிடம் நின்று பார்த்தேன், குளிர்ந்துபோன காபியைக் குடித்தேன்.


பந்தல்கால் | ஞாயிறு, இரவு 8.58

மண்புழு, உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. களை தெரியாத இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் ரசிக்க வேண்டும்.


அந்திமந்தாரை | திங்கள், இரவு 9.40

பந்தல்கால் கேலியாகச் சொன்னாலும் என் தோட்டம் உண்மையில் அப்படித்தான். காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். முதல் இரண்டு வருடம் எல்லோரையும் பார்த்து நானும் சிவப்பும் ஊதாவுமாக நட்டேன். வீடு திரும்பும்போது அவையெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். யாருக்காக வளர்க்கிறேன் என்று சலித்துவிட்டது.

அப்புறம் எல்லாவற்றையும் மாற்றினேன். வெள்ளையும் வெளிர் மஞ்சளும் மட்டும். மல்லிகை, வெள்ளைப் புகையிலைப் பூ, அந்திமந்தாரை, சுவரில் சுரைக்கொடி. இவையெல்லாம் பொழுது சாயும்போதுதான் விரியும். அந்துப்பூச்சிக்காகப் பூக்கிறவை, அதனால் வெள்ளை, அதனால் அத்தனை வாசனை. இருட்டில் நிறம் போட்டு என்ன பயன்? சுரைப்பூ விரிவதை உட்கார்ந்து பார்க்கலாம். மடித்த கைக்குட்டையைப் பிரிக்கிற மாதிரி கசங்கலோடு பிரியும். விளக்கைப் போடாமல் இருந்தால் பெரிய அந்துப்பூச்சி ஒன்று தும்பிக்கையை நீட்டிக்கொண்டு வரும்.

களை இருக்கும், கட்டாயம் இருக்கும். எனக்குத் தெரியாது.


பூவாளி | செவ்வாய், காலை 6.50

அந்திமந்தாரை, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று மொட்டை மாடிக்கு விளக்கில்லாமல் போய் நின்றேன். இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.


வேர்முடிச்சு | செவ்வாய், காலை 9.15

நான் வரிசைக் கட்சி, அதை ஒளிக்கவில்லை. ஆனால் கலந்து போடுவதே தப்பு என்றும் சொல்லவில்லை. எதை எதோடு என்பதுதான் கேள்வி. பலர் நிறத்தைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். நான் தாகத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்வேன். பூவாளி அம்மா, உங்கள் ரோஸ்மேரியும் புதினாவும் பக்கம் பக்கமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தனித் தனித் தொட்டி என்பதால் பிழைத்தது. ஒரே தொட்டியில் வைத்திருந்தால் புதினாவுக்கு விடும் தண்ணீரில் ரோஸ்மேரி அழுகியிருக்கும், ரோஸ்மேரிக்குத் தகுந்தபடி விட்டால் புதினா சுருண்டிருக்கும். தக்காளியும் திருநீற்றுப்பச்சையும் ஒத்துப்போவதற்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே தண்ணீர்.

மண்புழுவுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போது எல்லாம் குட்டியாக, இடைவெளியோடு, அழகாக இருக்கும். இன்னும் 4 வாரத்தில் தக்காளி மார்பளவு வரும். காற்று போக வழியில்லை என்றால் அடி இலையில் புள்ளி விழும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரைக்கும் தக்காளி இலைகளைக் கிள்ளிவிடுங்கள், தண்ணீரை இலையில் ஊற்றாமல் அடியில் விடுங்கள். தினம் கொஞ்சமாகத் தெளிப்பதை விட, விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் ஆழமாக விடுவது நல்லது. ஒரு நாள் வறட்சி, ஒரு நாள் வெள்ளம் என்று விட்டால் காயின் அடியில் கறுப்பாக அழுகும். கால்சியம் குறைவு என்று சொல்லி எதையோ வாங்கிக் கொட்டுவார்கள். மண்ணில் கால்சியம் பெரும்பாலும் இருக்கும், அதைக் காய்க்குக் கொண்டுபோகத் தண்ணீர்தான் சீராகக் கிடைத்திருக்காது.

கோரையைப் பிடுங்கினேன் என்றீர்களே, அது அறுந்துதான் வந்திருக்கும். கிழங்கு கீழே இருக்கும். ஈரமாக இருக்கும்போது கொத்தை ஆழமாக இறக்கி நெம்புங்கள்.


மண்புழு | செவ்வாய், இரவு 7.30

அறுந்துதான் வந்தது. இரண்டாக முளைத்திருக்கிறது.


புதுத்தொட்டி | புதன், காலை 7.05

பெயர் தெரியாத ஏழாவது தொட்டி கொத்தமல்லி! உடைக்காத விதையை 3 வாரத்துக்கு முன்னால் போட்டது, மறந்தே போனேன்.

புதினா பற்றி ஒன்று கேட்கலாமா? தொட்டியில் அடைத்துக்கொண்டு வருகிறது. கொஞ்சம் எடுத்து நித்தியகல்யாணித் தொட்டியில் நடலாமா?


பூவாளி, பந்தல்கால், மண்புழு மூன்று பேரும் ஒரே நிமிடத்தில் எழுதியிருந்தார்கள்:

பூவாளி | புதன், காலை 7.11

வேண்டாம்.


பந்தல்கால் | புதன், காலை 7.11

வேண்டவே வேண்டாம். 2 வருடத்துக்கு முன்னால் ஒரு குச்சி நட்டேன். இப்போது என் பாத்தி புதினாவுக்குச் சொந்தம், நான் குத்தகைக்கு இருக்கிறேன்.


மண்புழு | புதன், காலை 7.11

மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டு அது. ஒரு துண்டு விட்டுப்போனாலும் முளைக்கும். தனித் தொட்டிதான் அதற்குச் சரி.


பூவாளி | புதன், காலை 7.25

கொத்தமல்லிக்கு வாழ்த்து. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அந்த உருண்டை ஒரு விதை இல்லை, இரண்டு சேர்ந்தது. உள்ளங்கையால் தரையில் லேசாக அழுத்தித் தேய்த்தால் பிரியும். நாற்று விட்டுப் பெயர்த்து நடாதீர்கள். அதன் ஆணிவேருக்கு இடம் மாறுவது பிடிக்காது, கோபத்தில் உடனே பூத்துவிடும். வெயில் ஏற ஏற எப்படியும் பூக்கத்தான் போகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு பிடி விதைத்துக்கொண்டே வந்தால் ஒரு பக்கம் இலையும் ஒரு பக்கம் பூவும் இருக்கும். பூவுக்கு அந்த அந்தரத்து ஈ வரும். மூன்றாவது மாடிக்கும் வரும், பாருங்கள்.


பந்தல்கால் | புதன், பகல் 12.30

விதை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த முறை ஒரு கடையில் வெள்ளரி படம் போட்ட பொட்டலம் வாங்கினேன். ஆசையாகப் பந்தல் கட்டினேன். மாலையில் வெள்ளைப் பூ பூத்தபோதே சந்தேகம் வந்தது, வெள்ளரி மஞ்சளாகத்தானே பூக்கும். சுரை. நான்கு செடியும் சுரை. வெள்ளரிக்குக் கட்டிய பந்தல் எந்த நேரமும் விழலாம். கடையில் போய்க் கேட்டால் "படம் சும்மா ஒரு மாதிரிக்குத்தான்" என்றார்கள். இதற்கு மேல் நான் என்ன பேச?


அந்திமந்தாரை | புதன், இரவு 10.05

எனக்குக் கொடுத்துவிடுங்கள்.


மண்புழு | வெள்ளி, பகல் 11.20

பூசணியில் பெண்பூ! பூவாளி அம்மா சொன்னபடியே அடியில் ஒரு பச்சைக் கோலிக்குண்டு. நேற்று மாலை மொட்டாகப் பார்த்து வைத்தேன். இரவு சரியாகத் தூங்கவில்லை என்றால் சிரிப்பீர்கள்.

காலை 6.15க்கு போனேன். விரிந்திருந்தது. உள்ளங்கையை விடப் பெரிய பூ, ஓரம் சுருண்டு, உள்ளே அடியில் பனி கோத்த மாதிரி ஈரம். நடுவில் மஞ்சளாக மூன்று நான்கு மடிப்போடு சூல்முடி. பக்கத்து ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறித்து இதழைச் சுற்றிக் கிழித்துவிட்டேன், தூரிகை மாதிரி நடுத்தண்டு மட்டும் நின்றது. விரலில் பட்டால் மஞ்சள் ஒட்டிக்கொள்கிறது. அதைச் சூல்முடியில் எல்லாப் பக்கமும் மெதுவாகத் தேய்த்தேன். முழுசாக ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அதற்குள் ஒரு தேனீ வந்து என் கைக்கும் பூவுக்கும் நடுவில் நுழைந்து "நீ யாரப்பா" என்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியது. 11 மணிக்குப் பார்த்தபோது பூ மூடிவிட்டது. அதன் வாழ்நாளே ஒரு காலைதான் போலிருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். இன்று களை கண்ணில் படவே இல்லை. இருந்தது, இப்போது யோசித்தால் பூசணிக்குப் பக்கத்திலேயே இருந்தது.


வேர்முடிச்சு | வெள்ளி, பகல் 12.40

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கினால் சேரவில்லை. பளபளப்போடு பெருத்தால் சேர்ந்தது. மகரந்தம் குறைவாகப் பட்டால் காய் ஒரு பக்கம் கோணலாக வரும்.


மண்புழு | 9 நாள் கழித்து, ஞாயிறு, காலை 7.35

சேர்ந்துவிட்டது. டென்னிஸ் பந்து அளவுக்கு வந்திருக்கிறது, பளபளவென்று. கொஞ்சம் கோணல்தான்.

ஆனால் வேறொன்று நடந்துவிட்டது. நான்கு நாள் வெளியூர் போய்விட்டு நேற்று இரவு வந்தேன். இன்று காலை போய்ப் பார்த்தால் பீன்ஸ் கொடி ஒன்று கொம்பை விட்டு நாற்காலிக்குத் தாவி, கைப்பிடியை மூன்று சுற்றுச் சுற்றி, முதுகுச் சட்டத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. மெதுவாகப் பிரித்துக் கொம்பில் சுற்றிவிடலாமா? முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.


பந்தல்கால் | ஞாயிறு, காலை 7.41

முல்லைக்குத் தேரையே கொடுத்தான் பாரி. நீங்கள் ஒரு நாற்காலிக்கு யோசிக்கிறீர்களே.


வேர்முடிச்சு | ஞாயிறு, காலை 8.10

பிரிப்பதானால் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் பீன்ஸ் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்ப் பக்கமாகத்தான் சுற்றும். நீங்கள் மாற்றிச் சுற்றிவிட்டால் தானே பிரித்துக்கொண்டு தன் வழிக்குத் திரும்பும்.

நுனி சும்மா இருக்காது. காற்றில் வட்டம் போட்டுக்கொண்டே பிடி தேடும். டார்வின் உடம்பு முடியாமல் அறையில் கிடந்த நாட்களில் ஒரு ஹாப்ஸ் கொடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் நுனி ஒரு சுற்றுச் சுற்ற 2 மணி 8 நிமிடம் ஆகிறது என்று கணக்குப் பார்த்தார். பீன்ஸும் ஏறத்தாழ அந்த வேகம்தான். எதிரில் உட்கார்ந்து பார்த்தால் அசைவது தெரியாது, ஆனால் அரை மணி நேரம் கழித்து நுனி வேறு திசையைக் காட்டும்.

பிரிக்காமல் விட்டாலும் பயிருக்கு ஒன்றும் கெடாது. இதை நான் சொல்வது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.


புதுத்தொட்டி | ஞாயிறு, காலை 8.32

அப்படியானால் எங்கே உட்காருவீர்கள்?


மண்புழு | ஞாயிறு, காலை 9.50

பாத்தி ஓரத்தில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து அந்த நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 8.40க்குச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. 9.15க்குப் பூசணியைக் காட்டியது. இப்போது என்னை.